ஒரு ராங் நம்பர்

அன்புள்ள சார்,

போன வாரம் யூடியூபில் ‘சாரி, ராங் நம்பர்’ (1948) படம் பார்த்தேன். திரைக்கதை லூசில் ஃப்ளெட்சர். யாரென்று தேடினால், ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் மனைவி என்றுதான் முதலில் வருகிறது. அவ்வளவுதானா? படமும் நடுவில் ரொம்ப இழுக்கிறதே?

க.

அன்புள்ள க.,

அந்தக் கல்யாணம் 1939இல் நடந்து, நீங்கள் பார்த்த படம் வந்த அதே 1948இல் முறிந்துவிட்டது. அதற்கப்புறம் வேறு கல்யாணம், வரிசையாகத் துப்பறியும் நாவல்கள் என்று அரை நூற்றாண்டு வாழ்ந்து 2000இல், 88 வயதில்தான் இறந்தார். இன்னும் ஹெர்மனின் மனைவி என்றால் எப்படி?

படம் இழுக்கத்தான் செய்யும். 1943இல் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சிக்கு எழுதிய அரை மணி நேர நாடகம் அது. ஃபிளாஷ்பேக்காகச் சேர்த்து ஒன்றரை மணி நேரமாக்கியவரும் அவரேதான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

வானொலியில் கதை இவ்வளவுதான்: படுக்கையில் கிடக்கும் ஒரு பணக்காரப் பெண்மணி கணவனின் ஆபீஸுக்குப் போன் போடுகிறாள், கிராஸ் டாக்கில் இரண்டு பேர் ஒரு கொலைக்கு நேரம் குறிப்பது காதில் விழுகிறது. இரவு 11:15, அலறல் கேட்காதபடி ரயில் போகும் நேரம். ஆபரேட்டர், போலீஸ் என்று மாறி மாறிக் கூப்பிடுகிறாள், யாரும் சட்டை செய்வதில்லை. ஏனென்றால் அவள் பேசுவது அப்படி, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாள். கேட்கிற நமக்கே ‘வைம்மா போனை’ என்று தோன்றும். அங்கேதான் ஃப்ளெட்சர் நம்மையும் அந்த ஆபரேட்டர்களோடு சேர்த்துவிடுகிறார்.

இந்தக் குரல் ஃப்ளெட்சருக்கு ஒரு கடையில் கிடைத்தது. உடம்பு சரியில்லாத மகளுக்குப் பால் வாங்கப் போனவர் வரிசையில் கொஞ்சம் முன்னால் விடச் சொல்ல, ஒரு வயதான அம்மாள் கத்தித் தீர்த்துவிட்டாராம். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்து புலம்பியிருப்போம், இவர் அந்த அம்மாளைக் கட்டிலில் கிடத்திக் கையில் டெலிபோனைக் கொடுத்துவிட்டார்! (வானொலியில் அந்தக் குரல் ஆக்னஸ் மூர்ஹெட்.) படத்தில் பார்பரா ஸ்டான்விக் நன்றாகவே நடித்தார், ஆனால் கேமரா அறையை விட்டு வெளியே போனதும் அவளுக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரிந்துபோகிறது, அப்புறம் என்ன பயம்? வானொலியில் அவளுக்கும் நமக்கும் காது மட்டும்தான்.

நாவல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1941இல் நடிகர் ஆர்சன் வெல்ஸ் குரலில் வந்த, ஃப்ளெட்சரின் இன்னொரு வானொலி நாடகம் ‘தி ஹிட்ச் ஹைக்கர்’ கேளுங்கள். ஃப்ளெட்சர் ஹெர்மனோடு காரில் கலிபோர்னியா கிளம்பியபோது நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் பார்த்த ஒரு விசித்திர ஆளைக் கொஞ்ச நேரத்தில் வேறொரு சாலையிலும் பார்த்தாராம், அதிலிருந்து பிறந்த கதை. இணையத்திலேயே கிடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், நீண்ட கார்ப் பயணம் எதுவும் இருந்தால் முடித்துவிட்டு வந்து.