லைம் நோய்க்கு ஊசி போட்ட பிறகும் ரத்தத்தில் பாசிட்டிவ் வருவது ஏன்?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்த்த என் மகனுக்கு 2 ஆண்டுகளுக்கு முன் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, முகம் கழுவினால் மூடாத கண்ணுக்குள் சோப்பு நுரை போனது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, உண்ணி கடித்ததால் வந்த லைம் நோய் நரம்பைத் தாக்கியிருப்பதாகச் சொல்லி 21 நாள் ஊசி போட்டார்கள். முகம் நேராகிவிட்டது. இப்போது காட்பாடியில் எங்களோடு இருக்கிறான். எந்நேரமும் சோர்வு என்கிறான். ரத்தத்தில் லைம் ஐஜிஜி பாசிட்டிவ், அதுவும் அங்கே எடுத்ததைவிட எண் கூடியிருக்கிறது. மறுபடியும் ஊசி போட வேண்டுமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊசி போட வேண்டாம், அம்மா. ஐஜிஜி என்பது கிருமியல்ல. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. சிறுவயதில் தட்டம்மை வந்தவருடைய ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி முதுமையிலும் இருப்பதைப் போல, லைம் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் 10 முதல் 20 ஆண்டுகள் கழித்தும் ஐஜிஜி, சிலரிடம் தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐஜிஎம் ஆன்டிபாடி கூட, பாசிட்டிவாக இருந்தது பதிவாகியுள்ளது. எண் கூடியதும் பொருட்டல்ல. ஒவ்வொரு ஆய்வகத்தின் கிட்டும் வேறு அளவுகோலில் எண் தருவதால் அங்கே எடுத்ததையும் இங்கே எடுத்ததையும் ஒப்பிட முடியாது.

முதுகுத்தண்டு நீரிலும் இதே கதைதான். நோயின்போது அங்கே குடியேறிய பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் உண்டாக்கும் ஆன்டிபாடி, நோய் தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கலாம். நோய் இப்போது செயல்படுகிறதா என்பதை அந்த நீரில் உள்ள வெள்ளணுக்களின் எண்ணிக்கையும், பி செல்களை அங்கே வரவழைக்கும் சிஎக்ஸ்சிஎல்13 என்ற புரதமும்தான் காட்டும். சிகிச்சை பலித்தால் இந்தப் புரதம் விரைவாக இறங்கிவிடும். அதற்காக இப்போதே மறுபடி முதுகில் ஊசி குத்தச் சொல்லமாட்டேன். முகம் மீண்டும் கோணினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு முதுகிலிருந்து கை கால்களுக்கு வலி சுண்டி இழுத்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தடுமாறினாலோ நரம்பியல் மருத்துவர் அதை முடிவு செய்யட்டும். போகும்போது ஜெர்மனி மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் கடிதத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள முதுகுத்தண்டு நீரின் பழைய வெள்ளணு எண்ணிக்கை இந்தப் புதிய ரத்த ரிப்போர்ட்டைவிடப் பன்மடங்கு பயன்படும்.

சோர்வைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு அசதியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. ஆனால் இத்தகையவர்களுக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் அதன்பின் 60 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2001), மருந்தில்லாத வெற்று ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களைவிட அவர்கள் மேம்படவில்லை. நெடுநாள் ஊசியால் பித்தப்பையில் கல்லும், ஊசிக் குழாய் வழியாகப் புதுத் தொற்றும் வரக்கூடும். ஆகவே முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பாருங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. நம் வேலூர்ப் பக்கம் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்வது லைம் அல்ல, ஸ்க்ரப் டைஃபஸ். கடிக்கும் பூச்சியும் வேறு, கிருமியும் வேறு. மகனுக்குக் காய்ச்சல் அடித்தால் பழைய நோய் திரும்பிவிட்டது என்று லைம் பரிசோதனைக்கு ஓடாமல், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.