‘கட்டாயம்’ என்று சொல்லி விற்றுவிட்டேன், வேலையை விட்டுவிடவா?

கேள்வி: மதுரையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் ஐந்து மாதமாக சேல்ஸ் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்திருக்கிறேன், வயது 22. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருகிறேன், உட்கார விடுவதில்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி (கூடுதல் பணம் வாங்கி வாரண்டி காலத்தை நீட்டிக் கொடுப்பது) டார்கெட் வேறு. போன வாரம் மிக்ஸி வாங்க வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் அந்த வாரண்டி கட்டாயம் என்று பொய் சொல்லி விற்றுவிட்டேன், அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அப்பா வேலையை விட்டுவிட்டு டிஎன்பிஎஸ்சி படி என்கிறார். விடவா, இருக்கவா?

பதில்: தம்பி, முதலில் வாத்தியார் விஷயம். பில்லில் அவர் நம்பர் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு, சார், அது கட்டாயம் இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், வேண்டாம் என்றால் ரத்து செய்ய முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மேனேஜர் திட்டுவார். திட்டட்டும்.

நானும் ஆறு வருடம் இப்படி ஒரு கடையில் நின்றவன்தான், அதனால் வெளியே இருந்து அறிவுரை சொல்லவில்லை. அந்தக் கடையில் பழைய ஸ்டாக் டிவி ஒன்றைத் தள்ளினால் தனி இன்சென்டிவ் உண்டு. டெமோ மோடில் பளபளவென்று ஓடும் படத்தைக் காட்டியே எத்தனையோ பேர் தலையில் கட்டினேன். வீட்டுக்குப் போனால் அந்தப் பளபளப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. இரண்டாவது வருடம் என் சித்தப்பாவே வந்து அதே மாடலைக் கேட்டபோது வாய் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: விற்பது தப்பில்லை, தெரிந்ததை மறைத்து விற்பதுதான் தப்பு.

வாரண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸிக்கு அது வீண், மோட்டார் போனால் தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார். ஆனால் பெரிய டிவியில் பேனல் போனால் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலைக்கே வந்து நிற்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று போர்டில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பிசிபிக்கு, அதாவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டுக்கு, எத்தனை வருடம் என்று கார்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் அடிவாங்குவதும் அதுதான். இதை அப்படியே கஸ்டமரிடம் சொல்லுங்கள், வேண்டும் என்பவர் எடுத்துக்கொள்வார். மிக்ஸிக்கு வேண்டாம் சார் என்று சொன்ன பையன் டிவிக்கு எடுங்கள் என்று சொன்னால் நம்புவார்கள். டார்கெட்டும் ஓரளவு தானாக வரும். முழுசாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் ஸ்டிக்கர். ஐந்து ஸ்டார் எடுங்கள் சார், கரண்ட் மிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் போட்டிருக்கும் வருட யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். ராத்திரி மட்டும், அதுவும் மூன்று மாதம் மட்டும் போடுகிற வீட்டுக்கு ஐந்து ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வர வருடக்கணக்காகும். மூன்று ஸ்டார் போதும் என்று சொல்லிப் பாருங்கள், அவர் அடுத்த முறை ஃபிரிட்ஜுக்கு உங்கள் பேரைக் கேட்டுக்கொண்டே வருவார். பக்கத்தில் கம்பெனி டி-ஷர்ட் போட்டு நிற்கும் பிரமோட்டரால் இதைச் சொல்ல முடியாது, அவர் சம்பளம் அந்த பிராண்டிலிருந்து வருகிறது. எந்த பிராண்டையும் காட்டலாம் என்ற சுதந்திரம் அந்த ஃப்ளோரில் உங்களுக்குத்தான் இருக்கிறது.

டார்கெட் அடையாத மாதம் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறையும் என்று அறிவித்தார்களே, 22-ம் தேதி அமலுக்கு வரும்வரை எவன் வாங்குவான்? அதற்கு சேல்ஸ் பையன் என்ன செய்ய முடியும்?

உட்காருவது பற்றி. அது சலுகை இல்லை தம்பி, சட்டம். கேரளாவில் 2018-லேயே வந்தது, தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதே 1947 சட்டப்படி ஒரு நாளைக்கு வேலை நேரம் எட்டு மணி, ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தனியாகப் போய்ச் சட்டம் பேசினால் மறுநாள் குடோனுக்கு மாற்றிவிடுவார்கள், நாலைந்து பேராகப் போய் ஸ்டூல் கேளுங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா, உங்கள் பேரில் நம்பர் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க அதுதான் உதவும்.

விடவா இருக்கவா என்றால், இப்போது விடாதீர்கள். தீபாவளி இன்சென்டிவ் கைக்கு வரட்டும். அப்படியானால் வேலையோடு சேர்த்தே டிஎன்பிஎஸ்சி படி, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாலும் முடியும் என்று அப்பா சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைக்குக் கூட்டிவந்து ஓரமாக நிற்க வையுங்கள். பரீட்சைதான் ஆசை என்றால் பணம் சேர்த்துக்கொண்டு முழுசாக விட்டுவிட்டுப் படியுங்கள், இரண்டு படகில் கால் வேண்டாம். ஆசை இல்லை என்றால் சர்வீஸ் பக்கமோ டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமோ போகலாம், டிப்ளமோ அங்கே உதவும். எப்படியானாலும் இன்னொரு ‘கட்டாயம்’ விற்காதீர்கள்.

ஷூவை வார லீவு அன்று காலையில் போய் வாங்காதீர்கள். வேலை முடிந்த இரவில், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள்.