அமெரிக்கால அதிபர் ஜெயிச்சுட்டா காங்கிரஸும் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) அவர் சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணுமா?

இல்லவே இல்லைங்க. அதிபருக்குத் தனி ஓட்டு, காங்கிரஸுக்குத் தனி ஓட்டு. கீழ்சபையோட 435 சீட்டுக்கும் 2 வருஷத்துக்கு ஒருமுறை எலெக்‌ஷன், கூடவே மேல்சபையான செனட்ல மூணுல ஒரு பங்குக்கும், அதனால அதிபரோட 4 வருஷத்துக்கு நடுவுலயே ஒரு தேர்தல் வந்து நிக்கும், அதுல பெரும்பாலும் அவர் கட்சிதான் அடிவாங்கும். 2010ல ஒபாமா கட்சி கீழ்சபைல 63 சீட்டை இழந்துச்சு, அப்புறம் 2014ல செனட்டும் கைவிட்டுப் போச்சு. அதோட வலி 2016லதான் நல்லாத் தெரிஞ்சுது, உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பரிந்துரைச்ச நீதிபதி மெரிக் கார்லண்டை செனட் கூப்பிட்டு ஒரு கேள்விகூட கேக்கல, 293 நாள் அப்படியே கெடப்புல போட்டுட்டாங்க, என்னைக் கேட்டா அது ரொம்பப் பெரிய அநியாயம். அதிபர்கிட்டயும் வீட்டோ, அதாவது காங்கிரஸ் நிறைவேத்துன மசோதாவைத் தடுக்கிற அதிகாரம் இருக்கு, அதை உடைக்கணும்னா ரெண்டு சபைலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்.