ஓடுவதற்கு வாங்கிய ஷூவில் ஆடாதீர்கள்

கணுக்கால் வீங்கி சிகிச்சைக்கு வரும் பேட்மிண்டன் ஆட்டக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஷூவில் ஆடினீர்கள்? அடுத்த முறை அதையும் எடுத்து வாருங்கள்" என்பதைத்தான். பிசியோதெரபிஸ்டாக அந்த ஷூக்களைப் புரட்டிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது நிறைய. இந்த முறை வந்திருக்கும் கேள்விகளும் அதைப் பற்றியே.

நடைப்பயிற்சிக்காக 6,000 ரூபாய்க்கு வாங்கிய ரன்னிங் ஷூ இருக்கிறது. அதிலேயே வாரம் மூன்று நாள் பேட்மிண்டனும் ஆடுகிறேன். இவ்வளவு விலை கொடுத்த ஷூ போதாதா? (வாசகர், ஈரோடு)

போதாது. விலை எவ்வளவு என்பது இங்கே கணக்கே இல்லை. அந்த ஷூவை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். குதிகாலுக்கு அடியில் மூன்று சென்டிமீட்டருக்கும் மேலாக மெத்தென்ற நுரை இருக்கும். சாலையில் ஒரே திசையில் ஓடும்போது ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்கிறது. அதற்காகவே செய்யப்பட்டது அது.

பேட்மிண்டனில் நேராக ஓட இடமே இல்லை. ஒற்றையர் ஆட்டத்தில் உங்கள் பாதி ஆடுகளம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம், அவ்வளவுதான். அதற்குள் முன்மூலைக்குப் பாய்ந்து, நின்று, பின்மூலைக்குத் திரும்பி, குதித்து, மறுபடி பக்கவாட்டில் நகர வேண்டும். வலது கை ஆட்டக்காரர் இடது பின்மூலையில் தலைக்குமேல் வரும் இறகுப்பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது, உடலின் முழு எடையும் இடது காலின் ஓரத்தில் விழுகிறது. அந்த நேரத்தில் காலடியில் உயரமான மெத்தை இருந்தால் அது ஒரு பக்கம் அமுங்கும். பாதம் உட்புறமாக மடியும். கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார் இழுபடும், சில சமயம் கிழியும்.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கே இது நடந்தது. காலுக்கு மிக இதமாக இருந்த ரன்னிங் ஷூ அது. இறங்கியபோது உள்ளே ஏதோ அறுந்ததுபோல் 'பட்' என்று ஒரு சத்தம். அதன்பின் ஆறு வாரம் மட்டையைத் தொடவில்லை. எனவே உங்களிடம் மன்றாடியே கேட்கிறேன்: அந்த ஷூ நடைப்பயிற்சிக்கு மட்டும் இருக்கட்டும். 2,000 ரூபாய் அளவிலேயே பேட்மிண்டனுக்கென்று செய்த ஷூ கிடைக்கிறது. அது தாழ்வாக, தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும்.

கடையில் எல்லா ஷூவும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிச் சோதித்து வாங்குவது? (வாசகி, மதுரை)

மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று உப்பியிருக்கும். ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடும் அதே காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஷூவின் முனையையும் குதிகால் பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். நடுப்பகுதி எளிதாக முறுகினால் வைத்துவிடுங்கள். வளைவது விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே குழியக் கூடாது.

அடுத்தது அகலம். பெரும்பாலோர் இதில்தான் தவறுகிறார்கள். சிறுவயது முழுவதும் வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பகுதி நன்றாக விரிந்திருக்கும். ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் மெத்தைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். ஒரு அளவு பெரிதாக வாங்கிச் சமாளிக்காதீர்கள், குதிகால் ஆடும். அகலப் பாதத்துக்கான வகையைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் அதைத் தனியாகவே செய்கின்றன.

கடைசியாக, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே வலையோரப் பந்தை எடுப்பதுபோல் ஒரு காலை நீட்டி வைத்துப் பாருங்கள். பெருவிரல் முன்னே போய் இடித்தாலும், குதிகால் மேலே கழன்றாலும் வேறு ஜோடி கேளுங்கள். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள்.

'நான்-மார்க்கிங்' என்று எழுதியிருந்தால் அது பேட்மிண்டன் ஷூதானே? (வாசகர், திருச்சி)

இல்லை. தரையில் கறுப்புக் கோடு விழாது என்பது மட்டுமே அதன் பொருள். உங்கள் கணுக்காலைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் சிமென்ட் தரையில்தான் ஆடுகிறோம். புது பேட்மிண்டன் ஷூவின் அடிப்பாகம் மூன்றே மாதத்தில் தேய்ந்துவிட்டது. (வாசகர், சென்னை)

ஷூவின் மேல் குறையில்லை. உள்ளரங்க ஷூவின் அடியில் இருப்பது மென்மையான கம் ரப்பர். மரத்தரையையும் செயற்கை விரிப்பையும் கவ்விப் பிடிப்பதற்கானது. சொரசொரப்பான சிமென்ட் அதை அரத்தைப்போல் ராவிவிடும். உங்களுக்கு ஏற்றது டென்னிஸ் ஷூ. கடினத் தரைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். அதன் ரப்பர் உறுதியானது, பக்கவாட்டு அசைவையும் தாங்கும். ஆடுமுன் தரையைக் கூட்டிவிடுங்கள். சிமென்ட் மேல் படிந்த நுண்மணல் உருளைபோல் வழுக்கும். விடியற்காலைப் பனியில் தரை நனைந்திருந்தால் காயும்வரை காத்திருங்கள். சிமென்ட் கொஞ்சமும் அமுங்கிக் கொடுக்காது. முழங்காலுக்காகக் குதித்து அடிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளரங்கில் ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஷூவைக் கையில் எடுத்துப்போய் ஆடுகளத்தின் ஓரத்தில் மாற்றுங்கள். வாசலிலிருந்தே போட்டுக்கொண்டு போனால் அடியில் ஒட்டும் தூசி பிடிமானத்தைக் கெடுத்துவிடும்.

பத்து வயது மகளுக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு வைத்துக் கொடுக்கலாமா? வளர்கிற பிள்ளை. (ஒரு தாய், தஞ்சாவூர்)

செலவைப் பற்றிய உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வேண்டாம். உள்ளே பாதம் வழுக்கினால் அவள் நிற்க நினைக்கும் இடத்தில் ஷூ நிற்கும், கால் நிற்காது. நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். அந்த இடம் குறைகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பயிற்சி மையத்தில் மூத்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன, தேயாத ஷூக்கள் இருக்கும். விசாரித்து வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

எனக்கு 54 வயது, பத்தாண்டாகச் சர்க்கரை நோய். எதில் கவனம் வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொண்ட பிறகே ஆடுங்கள். வெளிர்நிறக் காலுறை போடுங்கள். கொப்புளம் உடைந்து இரத்தமோ நீரோ கசிந்தால் வலிக்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

மூன்று ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருந்த ஷூ. ஆட்டத்தின் நடுவில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று வந்துவிட்டது. (வாசகர், நாகப்பட்டினம்)

விழாமல் தப்பித்தீர்களே, அதுவே பெரிது. கடலோர ஈரக்காற்றில் பசை விட்டுப்போகும், நுரையும் உதிரும். சும்மா வைத்திருந்தாலும் ஷூவுக்கு வயதாகும். ஆடி முடித்ததும் வியர்வை ஷூவைப் பைக்குள் மூடி வைக்காதீர்கள். செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். பெருவிரலுக்கு அடியில் ரப்பர் வரிகள் அழிந்து கண்ணாடிபோல் பளபளத்தால், மேற்பகுதி புதிதாகவே இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

போன மாதம் கணுக்கால் சுளுக்கியது. கணுக்காலை மூடும் உயரமான ஷூ போட்டால் திரும்ப வராதா? (வாசகி, சேலம்)

உயரமான ஷூவை நம்புவதைவிடக் கணுக்கால் பட்டை அணிந்து, சமநிலைப் பயிற்சி செய்வது நல்லது. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம். உங்களால் அன்று நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாமல் போயிருந்து, இதுவரை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால், உடனே எடுங்கள்.

வலியோடு ஆடவும் வேண்டாம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பி.வி. சிந்து இடது கணுக்கால் வலியோடு ஆடித் தங்கம் வென்றார். பிறகு அங்கே எலும்பில் நுண்முறிவு இருப்பது தெரிந்து, அதே மாதம் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாமல் போனது.

தினமும் பல் துலக்கும் நேரத்தில் சுளுக்கிய காலில் மட்டும் நில்லுங்கள். ஒரு கை சுவருக்கு அருகில் இருக்கட்டும். முப்பது விநாடி தள்ளாடாமல் நிற்க வந்த பிறகு, அதையே தலையணைமேல் செய்யுங்கள். அதுவும் வசப்பட்ட பிறகு ஆடுகளத்துக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் இரட்டையர் ஆட்டம் மட்டும்.