யார் மேலும் வெறுப்பில்லாதவருக்குக்கூட சிலரைப் பார்த்ததும் மனசு ஏன் சுருங்குகிறது?

வடமாநிலத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் கை தானாகப் பையைப் பிடிக்கிறது, நான் கெட்டவனா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூர்க்காரன். எனக்கும் அந்தக் கை உண்டு.

ஆபீஸ் நண்பர்களோடு பஸ் ஏறினால் யாராவது ஒருவர் "வடக்கன்ஸ் ஏறிட்டானுக, செல்போன் பத்திரம்" என்பார். சிரிப்போம். என் கை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அக்காவோடு போகும்போது அப்படி இல்லை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். பீகார் பையன்களிடம் பாதித் தமிழ், பாதி இந்தியில் ஊர்க்கதை கேட்டுக்கொண்டு வருவாள். அப்போது எனக்குப் பாக்கெட் ஞாபகமே வராது. அடக்கிக்கொள்கிறேன் என்றில்லை, அந்த எண்ணம் எழுவதே இல்லை.

இதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர்களையோ முகங்களையோ நல்ல, கெட்ட சொற்களோடு காட்டி, யோசிக்க நேரம் கொடுக்காமல் பட்டனை அழுத்தச் சொல்லி, எதை எதோடு வேகமாகச் சேர்க்கிறோம் என்று அளக்கும் சோதனை 1998-இல் வந்தது. லோவரி, ஹார்டின், சின்கிளேர் மூவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையை நடத்தியவர் கறுப்பினத்தவராக இருந்தபோது கறுப்பினத்தவருக்கு எதிராக வெள்ளையர்களுக்குத் தன்னிச்சையாக எழும் சாய்வு குறைந்தது. 2005 ஆய்வு இன்னும் சுவாரசியம். நடத்துபவர் இனவெறிக்கு எதிரான வாசகம் போட்ட டிசர்ட் அணிந்திருந்தார். அவர் மிட்டாய் நீட்டி அன்பாக நடந்துகொண்டபோது சாய்வு குறைந்தது. சிடுசிடுத்தபோது அந்த டிசர்ட்டால் பலனில்லை. யாரோடு ஒட்டிக்கொள்ள நினைக்கிறோமோ அவர்களுக்குத் தோதாக நம் கணநேர எண்ணமும் சாய்ந்துகொடுக்கிறது, நமக்கே தெரியாமல். (இந்தச் சோதனையில் ஒரே ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண், நாளை வேறு வரும். அதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.)

அதனால் உங்களைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். யாரோடு பஸ் ஏறுகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். நான் அந்த ஜோக்குக்குச் சிரிப்பதை விட்டுவிட்டேன். சொல்கிறவருக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் என் எதிரில் சொல்வது குறைந்துவிட்டது.

இது ஒருபக்கச் சமாச்சாரமும் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அக்கா கம்பெனிப் பையன் ஒருவன், ஒரு வருஷமாக எங்களோடு அதே பஸ்ஸில் வந்தவன், அந்த வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.