லேஜியோஸுக்கு லேசர்: கேள்வி பதில்

தரை நிலையத்திலிருந்து லேசர் அடித்து, செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அதன் தூரத்தை அளப்பது பற்றிய கேள்விகள் இவை.

கவிதா: சார், பளபளப்பான எதில் பட்டாலும் ஒளி திரும்புமே, தனியாகப் பிரதிபலிப்பான் எதற்கு?

திரும்பும், ஆனால் நம்மிடம் வராது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சேரும் மூலைதான் ஒளியை வந்த வழியே அனுப்பும். 1976-இல் ஏவிய லேஜியோஸ்-1 செயற்கைக்கோளில் அப்படி 426 மூலைகள். 60 செ.மீ. உருண்டை, எடை 400 கிலோவுக்கு மேல். மின்சாரமும் இல்லை, கருவியும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூலைகளைக் கச்சிதமான செங்குத்தாக வெட்டினால் வேலைக்கு ஆகாது. செயற்கைக்கோள் வினாடிக்கு 5.7 கி.மீ. ஓடுவதால், திரும்பும் கற்றை நிலையத்தைவிட்டு 200 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். அதனால் அந்தக் கோணத்தை ஒரு பாகையில் ஏறக்குறைய 3000-இல் ஒரு பங்கு வேண்டுமென்றே பிசகவைத்தார்கள். கற்றை விரிந்து தொலைநோக்கியையும் தொடுகிறது. எத்தனை அழகான பிசகு!

செந்தில்: தூரம் எப்படி வருகிறது?

போய்வரும் நேரத்தை ஒளிவேகத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். லேஜியோஸ் தலைக்கு மேலே 5,900 கி.மீ.யில் இருந்தால் சுமார் 40 மில்லிசெகண்ட். காற்று மண்டலம் தூரத்தை 2.4 மீட்டர் கூட்டிக் காட்டும்; அதைக் கழிக்கக் காற்றழுத்தம் தெரியவேண்டும். பாரோமீட்டர் ஒரு மில்லிபார் தவறினால் 2 மி.மீ. போச்சு. பாரோமீட்டரைக் கவனியுங்கள்.

இளங்கோ: சந்திரயான்-3-இன் பிரதிபலிப்பானுக்கு இங்கிருந்து அடிக்கலாமா?

முடியாது. 5 செ.மீ. அகலம்தான். நிலவைச் சுற்றும் கலங்களுக்கானது; 2023 டிசம்பர் 12-இல், நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் லேசர் அடித்து, அதில் பட்டுத் திரும்பிய ஒளியைப் பிடித்தது. இங்கிருந்து அடிக்க அப்போலோ 15 வைத்தது இருக்கிறது.

ரஹீம்: ஜி.பி.எஸ். வந்தபின் இதெல்லாம் பழசு இல்லையா?

இல்லவே இல்லை. ஜி.பி.எஸ். காட்டும் இட எண்களை (ஆயங்களை) எண்ணத் தொடங்கும் மூலப்புள்ளி பூமியின் நிறைமையம். அதை லேசர் அளவீடுதான் நிறுவுகிறது.

ரஹீம்: ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் அதே மையத்தைத்தானே சுற்றுகின்றன?

சரியான கேள்வி. சுற்றுகின்றன. ஆனால் அவற்றின் அகன்ற சூரியத் தகடுகளை வெயில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைக் கணிப்பதில் வரும் பிழை, மையமே நகர்ந்ததுபோல் காட்டும். லேஜியோஸ் கனத்த சிறு உருண்டை. வெயில் அதை அசைப்பது அற்பம். இடம் காட்டும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களிலும் லேசர் பிரதிபலிப்பான் வைத்தது, ரேடியோவில் கணித்த பாதையைச் சரிபார்க்கத்தான்.

மாலா: மேகம் இருந்தால்?

அளக்க முடியாது.

குமரன்: சந்திரயான்-3-க்கு லேசர்...

இளங்கோவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேவி: நல்ல கடிகாரம் வாங்கினால் பிழை தீருமா அண்ணா?

பாதிதான் தீரும். தூரம் தெரிந்த தரை இலக்கில் அடித்துக் கருவியின் தாமதத்தை அளந்து கழிக்கவேண்டும். கூடவே பாரோமீட்டர். அதைச் சரிபார்த்த தேதியையும் குறித்துவையுங்கள்.