உர ஸ்டோரில் நின்ற எம்ஜிபி: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல வருஷமாக உர ஸ்டோர் தாழ்வாரத்தில் நின்ற வண்டி. பேட்டரி போட்டதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. வாங்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். அந்த 1798 சிசி பி-சீரீஸ் இன்ஜினுக்குப் பிஸ்டன் முதல் பேரிங் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கைப்பழக்கமுள்ள போமன் (மெக்கானிக்) ஒருவர் போதும். கையைச் சுடுவது தகடுதான்.

முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. 1962-ல் வந்த எம்ஜிபிக்கு பாடியேதான் சேசிஸ். கூரையும் கிடையாது. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் பாரத்தில் பெரும்பங்கு கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டியின் தலையில். உர ஸ்டோர் என்று நீங்கள் எழுதியதுதான் உறுத்துகிறது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, உப்பைப்போலவே இரும்பைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே சல்லடையாகியிருக்கும்.

கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. பிறகு ஜாக் வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு இடித்தாலோ, சில் செத்துவிட்டது. ஜாக்கே தகட்டுக்குள் புதைந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. முன் மட்கார்டின் அடியில், கதவுக்கு முன்னால், மட்கார்டும் சில்லும் சேரும் செங்குத்துக் கோடு தெரிய வேண்டும். அது வழவழவென்று மறைந்திருந்தால் பழைய துருவின்மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பட்டி இழுத்திருப்பார்கள். துணி சுற்றிய காந்தம் அங்கே ஒட்டாது.

மட்கார்டுக்குள், முன் சக்கரத்துக்குப் பின்னால் மேலே, செம்மண் தங்கும் ஒரு திட்டு உண்டு. விரலை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டிகளையும் ஆசிட் தின்றிருக்கலாம்.

சில் மாற்றியே ஆக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் வெட்டினால் பாடி மடங்கும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சேராது. "அதெல்லாம் தேவையில்லை" என்கிற பட்டறையிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதில் தேறினால் இன்ஜின். நன்றாகச் சூடானபின் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. ஐட்லிங்கில் 15 காட்டினால் பதற வேண்டாம். ஓடும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கும். 1967 இறுதியில் மார்க் 2 (இரண்டாம் வடிவம்) வரும்வரை முதல் கியருக்கு, கியர் இடிக்காமல் விழ உதவும் சின்க்ரோ இல்லை, அது குறையல்ல. இரண்டாவது கியர் கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கினால் மார்க் 1, ஜிஎச்என்4 என்றால் மார்க் 2.

கேள்வி: என் 1965 எம்ஜிபியில் போன் சார்ஜர் பொருத்தியதும் பியூஸ் போகிறது. ஏன்?
— வாசகி, தாப்பா

பதில்: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. இன்றைய கருவிகளோ நெகட்டிவ் பாடியில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. உறை பாடியில் பட்டால் ஷார்ட்தான்.

மாற்றலாம், அரை நாள் வேலை. பேட்டரிகளைக் கழற்றி, முனைகள் இடம் மாறும்படி திருப்பி வையுங்கள். பாசிட்டிவ் முனை தடிமனாதலால் கேபிள் நுனிகளையும் மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள்: இனி மைனஸ் பக்கம் டிஸ்டிரிபியூட்டருக்கு. டைனமோவின் சிறிய எஃப் முனையிலுள்ள ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் அந்த முனையை இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும், காந்தப்புலம் திரும்பிவிடும். பலர் மறப்பது இதைத்தான், மறந்தால் சார்ஜ் ஆகாது. டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றுவேகம் காட்டும் மீட்டர்) மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதன் உள்ளிணைப்பையும் மாற்றாமல் இக்னிஷனைப் போடாதீர்கள்.

கேள்வி: ஒயர் வீல் (கம்பி ஆரச் சக்கரம்) எம்ஜிபி. கிளட்சை விடும்போது பின்னால் 'டங்' என்கிறது.
— வாசகர், பீடோர்

பதில்: ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்: பல்லின் மேல்நுனி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தால் முடிந்தது. ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்; தேய்ந்த ஒன்று புதியதைத் தின்றுவிடும். இடது ஹப்பின் மரை வழக்கமானது, வலதுடையது எதிர்மரை. பக்கம் மாற்றிப் பூட்டினால் ஓட்டத்தில் ஸ்பின்னர் (சக்கரத்தைப் பூட்டும் நடு நட்டு) தானே கழன்றுவிடும். பூட்டுமுன் பற்களில் கிரீஸ் தடவுங்கள்.